ஏணி ஏறுமுன் வீட்டில் கேட்கவும்

"'தொழிலாளி தானே பார்த்துக்கொள்வார்'னு எழுதியிருக்கீங்களே சார், இது ஆபத்துக்குத் தடுப்பா, இல்ல சாபமா?"

தமிழ்வாணி காகிதத்தை மேசைமேல் திருப்பி வைத்தாள். மேலூருக்கு வெளியே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அரிசி ஆலையில் அவள்தான் சேஃப்டி இன்ஜினியர். சின்னப் பெண். குரலை உயர்த்தவே மாட்டாள். அருள்பாண்டிக்கு அதுதான் பெரிய தொந்தரவு. கத்துகிற ஆளாக இருந்தால் பதிலுக்கு முகத்தையாவது தூக்கி வைத்துக்கொள்ளலாம். இப்படிப் பொறுமையாகக் கேட்டால் என்னத்தைச் செய்வது?

அருள்பாண்டி, பழங்காநத்தத்தில் இருக்கிற ஒரு எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்ட் கம்பெனியின் சேஃப்டி சூப்பர்வைசர். வாழ்க்கையில் பாதியை ஏணி மேலேயே கழித்து, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், போன சித்திரையில்தான் தரைக்கு வந்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நினைத்து வந்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, கரண்ட் இருக்கிற கம்பியைத் தொடுவதைவிட, தொட்டால் என்ன ஆகும் என்று எழுதுவது கஷ்டமான வேலை என்று.

ஆலைக்குப் புது பேனல் போர்டு வைத்து, மேற்கூரையை ஒட்டிக் கேபிள் இழுத்துக் கொடுக்கவேண்டும். அதற்கு முன்னால் என்னென்ன ஆபத்து வரலாம், யாருக்கு வரலாம், வராமல் இருக்க என்ன வழி என்று எழுதி ஒப்புதல் வாங்கவேண்டும். ஷாக் அடிக்கலாம்: மெயினை இறக்கிப் பூட்டுப் போடுவோம். மேலேயிருந்து விழலாம்: பெல்ட் மாட்டுவோம். தகரத்துக்கு அடியில் குளவிக்கூடு இருக்கிறது: அதற்கும் ஒரு வழி எழுதியிருந்தார். தமிழ்வாணி எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டுவிட்டாள். ஒரே ஒரு வரியில்தான் வண்டி நின்றது. தூக்கமில்லாமல், குடித்துவிட்டு, மனக்கவலையோடு வருகிறவன் ஏணி ஏறினால்?

"சரி மேடம், நானே பாத்துக்கிறேன்னு எழுதிரவா?"

"எப்படிப் பாப்பீங்க?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும் மேடம்."

தமிழ்வாணி வெளியே நின்ற மூன்று ஒயர்மேன்களையும் உள்ளே கூப்பிட்டாள். கருப்பு, அப்துல் வஹீது, சூர்யபிரகாஷ் மூவரும் வரிசையாக வந்து நின்றார்கள். கருப்பு சுவரில் சாய்ந்தான். வஹீது கொட்டாவியை விழுங்கினார். மூவரிலும் சின்னவனான சூர்யபிரகாஷ் நின்றபடியே ஒரு கண்ணை மூடியிருந்தான்.

"இதுல நேத்து யார் சார் தூங்கல?"

அருள்பாண்டி மாறி மாறிப் பார்த்தார். மூன்று முகமும் ஒரே மாதிரி, கசக்கிப் போட்ட வேட்டியாக இருந்தது. இருக்காதா பின்னே? அந்தக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை காலண்டரில் மட்டும்தான் வரும். லீவு கேட்டால் முதலாளி தமிழ்மாறன் சிரித்துக்கொண்டே, "தாராளமா எடுங்கப்பா, நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்பார்.

"மூணு பேருமே தூங்காத மாதிரித்தான் மேடம் இருக்கு."

"நீங்களும்தான் சார்" என்றாள் தமிழ்வாணி.

அவர் முதலாளிக்குப் போன் போட்டார். குடித்திருக்கிறானா என்று ஊதிப் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கித் தந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

"ஊதுற மெஷினா? எதுக்குண்ணே, மேளமும் சேத்து வாங்கிரவா?" என்றார் தமிழ்மாறன். அவர் அருள்பாண்டியைவிடச் சின்னவர். அதனால் திட்டும்போதும் அண்ணே போட்டுத்தான் திட்டுவார். "அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மில்லுல மெஷின் ஓடணும். ஓடலேன்னு வைங்க, சேஃப்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம், நீங்க பழையபடி ஏணி ஏறிக்கங்க."

அருள்பாண்டி போனை வைத்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். அது தடவும்போதே வலித்தது. மறுபடி ஏணி ஏறினால் இறங்கி வருவது உறுதியில்லை என்று அவருக்குத் தெரியும். அதை எந்தக் காகிதத்தில் எழுத முடியும்?

ஆலைக்கு எதிரில் இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார். பின்னாலேயே மூவரும் வந்தார்கள்.

"ஏப்பா கருப்பு, உண்மையச் சொல்லு, ராத்திரி தூங்குனியா?"

"அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குனேண்ணே" என்றான் கருப்பு.

சொல்லி வாய் மூடவில்லை, அவன் போன் அடித்தது. அவன் மனைவி தங்கப்பொண்ணு. ஸ்பீக்கர் போடவே தேவையில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவரே கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சுக் கெடந்துட்டு, காலைல ஒரு வாய் தின்னாமப் போயிருக்கீகளே, அங்க போயி மயங்கி விழுகுறதுக்கா?"

கருப்பு போனை லுங்கியில் சுருட்டி மறைத்தான். அருள்பாண்டிக்கோ மண்டைக்குள் பளிச்சென்று லைட் எரிந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிப்போய், அந்த ஒற்றை வரிக்கு எதிரே எழுதினார்: 'ஏணி ஏறுமுன் வீட்டில் கேட்கவும்.'

தமிழ்வாணி அதை இரண்டு தடவை படித்தாள். முதல்முறையாகச் சிரித்தாள். "சார், இது சூப்பர் சார். பொய் சொல்லத் தேவையில்லாத ஒரே ஆள் அவங்கதான். ஆனா ஒரு கண்டிஷன். வீட்ல உண்மையச் சொன்னாங்கங்கிறதுக்காக அன்னைக்குச் சம்பளத்துல கை வைக்கக் கூடாது. உங்க முதலாளிகிட்டயும் கையெழுத்து வாங்கிருங்க."

தமிழ்மாறன் கையெழுத்துப் போட்டார். "எந்தப் பொம்பளண்ணே புருசன் வேலைக்கு லாயக்கில்லன்னு சொல்லும்? நல்ல ஐடியாதான்" என்று பாராட்டவும் செய்தார். பாவம், அவருக்கும் அனுபவம் பத்தாது.

சனிக்கிழமை காலை. வேலை தொடங்குமுன் பேனல் ரூமில் எல்லாரும் கூடினார்கள். மூன்று கேள்வி: தூங்கினாரா, குடித்தாரா, சண்டை ஏதும் உண்டா. போனை ஸ்பீக்கரில் போட்டு முதலில் தங்கப்பொண்ணைக் கேட்டார்கள்.

"தூங்குனாரா தாயி?"

"தூங்குனாருண்ணே."

"குடிச்சாரா?"

"குடிக்க விட்ருவேனா?"

"சண்டை ஏதும் உண்டா?"

மறுமுனையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. கருப்பு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இல்லண்ணே... இப்ப நீங்க கேக்கவும்தான் ஞாபகம் வருது. எந் தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வாரேன் வாரேன்னு சொல்லிட்டு, கடைசி வரைக்கும் வந்தாரா இந்த மனுசன்? என்னைய எம்புட்டுப் பேரு கேட்டாக தெரியுமா, ஒத்தையிலயா வந்தேன்னு? அவரு பக்கத்துல இருக்காரா? இருந்தாக் குடுங்க."

கொடுத்தார்கள். கொடுத்திருக்கக் கூடாது. கருப்பு போனை வைத்துவிட்டுப் பெல்ட்டைத் தலைகீழாக மாட்டினான். நன்றாக வந்த ஆள், கேள்வி கேட்டதால் கெட்டுப்போனான்.

"மனக்கவலை" என்று தமிழ்வாணி குறித்துக்கொண்டாள். "இவர் வீட்டுக்குப் போகலாம்."

அடுத்து வஹீதின் மனைவி அஜ்மல் பீவி. அருள்பாண்டி, "அம்மா, நான் கம்பெனி சேஃப்டி சூப்பர்வைசர் பேசுறேன்" என்றதுதான் தாமதம், மறுமுனையில் ஒரு அலறல்.

"யா அல்லா! அவுகளுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா, நல்லாருக்காரு."

"நல்லாருந்தா எதுக்குங்க சேஃப்டி பேசுறீங்க? எந்த ஆஸ்பத்திரி? சொல்லுங்க எந்த ஆஸ்பத்திரி?"

வஹீது போனைப் பிடுங்கி, "ஏய், நாந்தான், உசுரோட இருக்கேன்" என்றார். அவள் நம்பவில்லை. வாயில் துணி வைத்துப் பேசுவது போல இருக்கிறதாம். அதற்குள் பக்கத்து வீட்டார் எல்லாரும் கூடிவிட்ட சத்தம் கேட்டது. யாரோ ஆட்டோ கூப்பிடச் சொன்னார்கள். கடைசியில், முழு ஆளாக நேரில் போய் நின்று காட்டினால் ஒழிய அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று ஆகிவிட்டது. வஹீதும் சட்டையை மாற்றினார்.

சூர்யபிரகாஷுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா முத்துத்தாயைக் கேட்டார்கள்.

"எங்கண்ணே தூங்குறான்? விடிய விடியப் போர்வைக்குள்ள போன வச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். யாருண்ணே அந்தப் புள்ள? உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டுத்தான் மறைக்கிறீகளா?"

சூர்யபிரகாஷ் தானாகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று மட்டும் யோசித்தான்.

பத்து மணிக்கு அந்த ஷெட்டில் ஒரு ஏணியும் அருள்பாண்டியும் மட்டும் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் புத்திசாலித்தனமாக மூன்றாவது கேள்வியை எடுத்துவிட்டார். தூக்கம், குடி, அதோடு சரி. அஜ்மல் பீவியைக் கூப்பிடுமுன் வஹீதையே முதலில் பேசவைத்தார். அந்த வீட்டில் ஆபத்து தாண்டியது. சூர்யபிரகாஷ் முந்தின ராத்திரி போனை அம்மாவிடமே ஒப்படைத்திருந்தான். அங்கேயும் பிழைத்தது. தங்கப்பொண்ணிடம் மாட்டிக்கொண்டார்.

"என்னண்ணே, நேத்து சண்டையப் பத்திக் கேட்டீக, இன்னைக்குக் கேக்க மாட்டேங்குறீக?"

"அது... அதை எடுத்தாச்சு தாயி."

"யாரைக் கேட்டு எடுத்தீக? அவரு சொன்னாரா எடுக்கச் சொல்லி?"

கருப்பு இரண்டு கையையும் விரித்து இல்லை இல்லை என்று ஆட்டினான். போனுக்கு அது தெரியுமா? அன்றைக்கும் அவன் வீட்டுக்குப் போனான், எடுத்த கேள்வியும் திரும்பி வந்தது.

இது ஆகிற காரியம் இல்லை, நேரில் போய்ச் சமாதானம் பண்ணிவிடலாம் என்று அன்று சாயங்காலம் அருள்பாண்டி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கருப்பு வீட்டுக்குப் போனார். கருப்பு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். தங்கப்பொண்ணு நாற்காலி போட்டாள்.

"தாயி, இந்தச் சண்டைய விட்றக் கூடாதா? வேலை கெட்டுப் போகுதுல்ல?"

"சண்டை அப்பவே முடிஞ்சிருச்சுண்ணே" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீக. கல்யாணம் ஆகி இம்புட்டு வருசத்துல, இந்த மனுசன் வேலைக்குப் போகலாமா வேணாமான்னு எங்கிட்ட ஒரு ஆளு கேட்டது இதான் மொதத் தடவ. தெனமும் வாசல்ல நின்னு, திரும்பி வருவாரா மாட்டாரான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். கரண்ட் வேலைல்ல? நீங்க கேக்கவும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அதான் உடனே சரின்னு சொல்ல மனசு வரல."

அருள்பாண்டி தட்டு நிறைய இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, வந்த காரியத்தை முடிக்காமலே எழுந்து வந்தார். பழச் சீப்பை மட்டும் வைத்துவிட்டு வந்தார்.

திருப்பரங்குன்றத்தில் அவர் வீடு. மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து இன்னொரு பஸ். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அப்படியே சுவரோரமாகச் சரிந்தார். அவர் மனைவி பாண்டிமீனா தையல் மெஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மிதிப்பதை நிறுத்தவில்லை.

"இன்னைக்கு யாரு வீட்டுக்குப் போனது?"

"ரெண்டு பேரு. வஹீதும் சூர்யாவும். இவன் வந்தா அவன் இல்ல, அவன் வந்தா இவன் இல்ல. நானே ஏணி ஏறிக் கேபிள் இழுத்தேன் மீனா. கீழ எறங்கும்போது காலு எங்க இருக்குன்னே தெரியல." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலேன்னா எனக்கு நெரந்தரமா ஏணிதான். எனக்கு முடியல. நெசமாவே முடியல."

மெஷின் நின்றது.

"நான் வேணா அவுக மூணு பேர்கிட்டயும் பேசட்டுமா?"

இதை ஏன் முன்னாலேயே நினைக்கவில்லை என்று அவருக்கு வந்தது. பொம்பளைக்குப் பொம்பளை சொன்னால் கேட்பார்கள். "பேசும்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லு. புண்ணியமாப் போகும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ளேயே மூன்று வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். அஜ்மல் பீவி டப்பா நிறையப் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். அருள்பாண்டி மரியாதையாக மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஒரே சிரிப்பு. என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார். நான்கு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்ன பேசுனீங்க?" என்று பிறகு கேட்டார்.

"புத்தி சொன்னேன்" என்றாள் பாண்டிமீனா.

சொன்ன புத்தி வேலை செய்தது. செவ்வாய்க்கிழமை காலை வஹீது வீடு சரி, சூர்யபிரகாஷ் வீடு சரி. தங்கப்பொண்ணு மட்டும், "சண்டைண்ணே" என்றாள். தக்காளி என்ன விலை என்று கேட்டால் சொல்வது போல, நிதானமாகச் சொன்னாள்.

"என்ன சண்டை தாயி?"

"அதெல்லாம் வீட்டு விசயம்ணே. சண்டை, அம்புட்டுத்தான்."

கருப்பு ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். தமிழ்வாணி குறித்துக்கொண்டாள். அவளுக்கும் ஒரே சந்தோஷம். உலகத்தில் வேறு எங்கேயும் இப்படி உண்மை பேசுகிற குடும்பங்களைப் பார்த்ததில்லை என்றாள்.

புதன்கிழமை கருப்பு வந்தான். முகம் தெளிவாக இருந்தது. அன்றைக்கு அஜ்மல் பீவி, "அவுக ராத்திரி கண்ணே மூடலைங்க" என்றுவிட்டாள். "என்ன ஆச்சும்மா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் ஆகலைங்க, அல்லா காப்பாத்துவான். கண்ணு மட்டும் மூடல" என்றாள். வஹீது, "நான் எட்டு மணிக்கே படுத்தேனேண்ணே" என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். வியாழக்கிழமை முத்துத்தாய், பையனுக்கு மனசு சரியில்லை என்றாள். பையன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றான். ஆனாலும் பெற்ற தாய் சொல்லும்போது யார் மறுப்பது?

அருள்பாண்டிக்கு இதில் ஒரு ஆறுதல் இருந்தது. முன்னெல்லாம் மொத்தமாகக் கவிழ்ந்துகொண்டிருந்த வண்டி, இப்போது ஒரு நாளைக்கு ஒரு சக்கரம் மட்டும் கழன்றது. குறைந்த அந்த ஒரு ஆளின் இடத்தில் அவரே ஏறினார். பேனலில் நின்றார், கேபிள் இழுத்தார், ஏணி பிடித்தார், எல்லாம் முடிந்ததும் உட்கார்ந்து நாளைய ஆபத்துகளை எழுதினார். பஸ்ஸில் நின்றுகொண்டே கனவு கண்டார். கனவில் யாரோ ஒருவன் ஏணியின் உச்சியில் பெல்ட் மாட்டாமல் நின்றுகொண்டிருப்பான். கிட்டப் போய்ப் பார்த்தால் அது அவரேதான். வீட்டில் படுத்தாலும் அதே கனவு வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் ஏணியிலிருந்து ஒவ்வொரு காலாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, கீழே தமிழ்வாணி நின்றிருந்தாள்.

"நீங்களும் ஏணி ஏறுறீங்களா சார்?"

"ஆளு குறையுதுல்ல மேடம்."

"அது சரி. உங்களுக்கு யார் வீட்ல கேக்குறது?"

அவர் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல உங்க வீட்லயும் கேட்டுரலாம்" என்றாள் அவள், அதே பொறுமையான குரலில். "நாளைக்குத்தான் மெயின் குடுக்கணும். நாளைக்குத்தான் சார் ரொம்பக் கவனமா இருக்கணும்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது பாண்டிமீனாவுக்குப் பாடம் நடத்தினார். நாளைக்குப் போன் வரும். மூன்று கேள்வி கேட்பார்கள். தூங்கினார், குடிக்கவில்லை, சண்டை இல்லை. அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது. எங்கே, ஒரு தடவை சொல்லு பார்ப்போம்.

"தூங்கினார், குடிக்கல, சண்டை இல்ல" என்றாள் பாண்டிமீனா. "சட்னி வைக்கட்டா?"

வெள்ளிக்கிழமை காலை, என்ன அதிசயமோ, மூன்று வீடும் சரி என்றது. தூங்கினார்கள், குடிக்கவில்லை, சண்டை இல்லை. தங்கப்பொண்ணு, "சிரிச்சுக்கிட்டேதாண்ணே போனாரு" என்றுகூடச் சேர்த்துச் சொன்னாள். மூன்று பேரும் தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவி, விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். அருள்பாண்டிக்கு உடம்பே லேசானது. முருகன் கண்ணைத் திறந்துவிட்டான். தானே தன் வீட்டு நம்பரை அழுத்தி, தமிழ்வாணியிடம் நீட்டினார்.

"மேடம், வணக்கம். சார் நேத்து ராத்திரி தூங்கினாங்களா?"

"இல்லைங்க" என்றாள் பாண்டிமீனா.

அருள்பாண்டி போனையே பார்த்தார். வேறு யாருக்காவது போய்விட்டதா?

"நேத்துன்னு இல்ல, ஒரு வாரமாவே தூங்கலைங்க. கண்ணு அசந்தாலும், 'ஏணியப் பிடி, ஏணியப் பிடி'ன்னு கத்துறாரு. நேத்து ராத்திரி என் கைய ஏணின்னு நினைச்சுக்கிட்டு விடவே இல்ல."

கருப்பு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"குடிச்சாங்களா?"

"அந்தப் பழக்கமே கெடையாதுங்க."

"சண்டை ஏதும்?"

"உண்டுங்க. உங்ககிட்டப் பொய் சொல்லச் சொன்னாரு. அதான் சண்டை."

வஹீதும் சூர்யபிரகாஷும் கூரையைப் பார்த்தார்கள். எங்கோ ஒரு குளவி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"மேடம்" என்றார் அருள்பாண்டி. "இன்னைக்கு மட்டும் மேடம். இன்னைக்குக் கடைசி நாளு. இந்த ரூலே நான் போட்டதுதான மேடம்."

"அதான் சார். நீங்க போட்ட ரூல்தான்" என்றாள் தமிழ்வாணி. "மூணு பேர் இருக்காங்க, கூட நானும் இருக்கேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

"நாங்க பாத்துக்கிறோம்ணே. மெயினப் பூட்டித்தான் கை வைப்போம், பெல்ட்டு மாட்டித்தான் ஏறுவோம், நீங்க பயப்படாமப் போங்க" என்றார் வஹீது. ஆறுதலாகத்தான் சொன்னார். அருள்பாண்டிக்கு அது தன்னைப் பிடித்து வெளியே தள்ளுவது போல இருந்தது.

மேலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார இடமிருந்தும் நின்றார். வழியெல்லாம் ஒரே நினைப்பு. ஊரான் பெண்டாட்டிகள் எல்லாம் இன்றைக்குப் புருசனை விட்டுக்கொடுக்காமல் பேச, தன் வீட்டுக்காரி மட்டும் ஊர் பார்க்கக் கவிழ்த்துவிட்டாளே. காலமெல்லாம் கூட வாழ்ந்ததற்கு இதுதானா?

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார். "ஒத்தப் பொய்! ஒரே ஒரு பொய் சொல்லிருக்கக் கூடாதா? என்னைய மறுபடி ஏணி ஏற வச்சுட்டியேடி!"

"கை கால் கழுவிட்டு வாங்க. ரசம் சூடா இருக்கு" என்றாள் பாண்டிமீனா.

"எனக்கு எதுவும் வேணாம்."

"சரி, வேணாம். தட்டு வச்சாச்சு, உக்காருங்க."

உட்கார்ந்தார். பருப்புத் துவையலோடு ரசம் சோறு தொண்டையில் இறங்க இறங்க, கோபம் இருந்த இடத்தில் தூக்கம் வந்து உட்கார்ந்தது. இருந்தாலும் விடவில்லை. "நான் தூங்க மாட்டேன். போன் வரும். எவனுக்கு என்ன ஆச்சுன்னு போன் வரும்" என்று சொல்லிக்கொண்டே பாயில் சாய்ந்தார். பாண்டிமீனா அவர் போனை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள், ஜன்னலைச் சாத்தினாள், ஃபேனைக் கூட்டி வைத்தாள். "மேலூர்ல எத்தன மணிக்குப் பஸ்..." என்று அவர் எதையோ தொடங்கினார். முடிக்கவில்லை. கனவும் வரவில்லை, ஏணியும் வரவில்லை.

அவர் கண் விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. முழங்கால் வலிக்கிறதா என்று மடக்கிப் பார்த்தார். வலித்தது, ஆனால் அது தன்னுடைய கால் மாதிரி இருந்தது. பிறகு வெள்ளிக்கிழமை என்பது ஞாபகம் வந்து, பதறிப்போய்ப் போனைத் தேடினார். தமிழ்மாறன் கூப்பிட்டிருந்தார், ஒரு தடவை இல்லை, பல தடவை. செத்தோம் என்று நினைத்துக்கொண்டே திரும்பக் கூப்பிட்டார்.

"அண்ணே! எங்கண்ணே போனீக? மெஷின் ஓடுதுண்ணே! மூணு மணிக்கே கரண்ட் குடுத்தாச்சு. பயலுக என்னமா வேலை பாத்தாய்ங்க தெரியுமா? கொட்டாவியில்ல, கொறையில்ல, ஒருத்தனுக்கு ஒரு கீறல் இல்ல."

"நெசமாவா? யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லண்ணே. அந்த இன்ஜினியரம்மா மேலதிகாரிகிட்ட என்னத்தச் சொல்லுச்சோ, திருமங்கலத்துல அவுக கட்டுற குடோன் வேலையும் நமக்கே குடுத்துட்டாக. திங்கக்கிழமை ஆரம்பிக்கணும். ஆனா அங்கயும் தெனம் வீட்ல கேட்டுத்தான் ஏணி ஏறணுமாம். சூப்பர்வைசர் அருள்பாண்டி சாராத்தான் இருக்கணுமாம், அவரு ஏணி பக்கமே போகக் கூடாதாம். எழுதி வாங்கிட்டாக. நான் என்னண்ணே செய்ய?"

அருள்பாண்டி போனை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அழுகை வரும் போல இருந்தது, வரவில்லை. யாரும் விழவில்லை. இனித் தானும் ஏற வேண்டியதில்லை. பாண்டிமீனாவிடம் கத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது. "மீனா" என்று கூப்பிட்டார். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள்.

தையல் மெஷின் மேல் அவள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. 'தங்கப்பொண்ணு' என்று காட்டியது. பாவம், கருப்பு வேலையை முடித்துக் கொடுத்ததைச் சொல்லக் கூப்பிடுகிறாள், நாமே ஒரு நன்றி சொல்லிவிடுவோம் என்று எடுத்துக் காதில் வைத்தார். அவர் வாயைத் திறக்குமுன் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"யக்கா, அண்ணே நல்லாத் தூங்குனாகளா? உங்க வீட்டு லீவு முறையும் நல்லபடியா முடிஞ்சிருச்சுல்ல, இனி திங்கக்கெழம சண்டை எங்க வீட்டுக்கு, செவ்வாக்கெழம கண்ணு மூடாதது பீவி வீட்டுக்கு, மாத்திக் கீத்திச் சொல்லிறாதீக!"